டிரக்கோமா: நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் ஒரு கண்நோய் ஒழிந்துவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

தொற்றுநோயால் பார்வை போவதை எடுத்துக்கொண்டால், உலகில் அதற்கு முதல் காரணம் டிரக்கோமா. பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வசதியுள்ள வீடுகளுக்குள் இந்த நோய் நுழைவதே அபூர்வம். அதனாலேயே பேச்சில் அடிபடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இதனால் பார்வையை முழுமையாகவோ ஓரளவோ இழந்தவர்கள் சுமார் 19 லட்சம் பேர்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2002-இல் டிரக்கோமா பரவும் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் சுமார் 150 கோடி. 2024-இல் அந்த எண்ணிக்கை 10 கோடியே 30 லட்சமாக இறங்கியிருந்தது. 2012-இல் ஓமன் முதலில் இந்த நோயை ஒழித்த நாடாக அங்கீகாரம் பெற்றது. அப்புறம் மொராக்கோ, மெக்சிகோ, நேபாளம், கானா, மியான்மர், மலாவி என்று பட்டியல் நீண்டது. 2024 அக்டோபரில் இந்தியாவும் அதில் சேர்ந்தது. பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு பெரிய இறக்கம் அடிக்கடி நடப்பதில்லை.

ஆனால் அங்கீகாரம் கிடைத்தது என்றால் அந்த நாட்டில் கிருமியே இல்லை என்று பொருளல்ல. அதற்குப் பின்னால் இருப்பவை இரண்டு எண்களும் ஒரு நிபந்தனையும். அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால், நகரத்தின் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில் இந்தக் கணக்கை ஏன் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில் நோயைப் பார்ப்போம்.

கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியாதான் காரணம். இதை ‘மெட்ராஸ் ஐ’யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. கண் சிவந்து, உறுத்தி, ஓரிரு வாரத்தில் போய்விடும். டிரக்கோமா அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. குழந்தையின் கண்ணில் கொஞ்சம் பீளை, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். பல குழந்தைகளுக்கு அதுவும் இருக்காது. அந்தப் பீளையும் மூக்குச்சளியும் விரலில் ஒட்டி, அம்மாவின் முந்தானையில் ஒட்டி, எல்லோரும் துடைக்கும் ஒரே துண்டில் ஒட்டி, பக்கத்தில் படுக்கும் தம்பி தங்கைக்குப் போகும். சில இடங்களில் முகத்தில் மொய்க்கும் ஈக்களும் கிருமியைச் சுமந்து போகும்.

ஒரு தடவை தொற்றினால் பார்வைக்கு ஆபத்தில்லை. சின்ன வயது முழுக்கத் திரும்பத் திரும்பத் தொற்றுவதுதான் பிரச்சினை. ஒவ்வொரு தொற்றும் மேல் இமையின் உட்புறத்தைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுகிறது. ஆண்டுக்கணக்கில் தழும்பின்மேல் தழும்பு சேர்ந்து இமை உள்பக்கமாகச் சுருண்டுகொள்கிறது. வெளியே பார்க்க வேண்டிய இமைமுடிகள் உள்ளே திரும்பி, ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கருவிழியை உரசுகின்றன. கண்ணுக்குள் எந்நேரமும் மணல் கிடப்பது போன்ற வலி அது. பலர் சாமணத்தால் அந்த முடிகளைத் தாங்களே பிடுங்கிக்கொள்கிறார்கள். சில வாரங்களில் அவை குத்தூசியாக மீண்டும் முளைக்கும். உரசி உரசிக் கருவிழி வெளுத்துப்போகிறது. அப்படிப் போன பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

பெண்கள்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது: ஆண்களைவிட நான்கு மடங்கு வரை. குழந்தைகளைத் தூக்குவதும் துடைப்பதும் பக்கத்தில் படுக்கவைப்பதும் அவர்கள். சிறுவயதில் ஓய்ந்திருக்க வேண்டிய தொற்று, தாயான பிறகு பிள்ளைகளிடமிருந்தும் பிறகு பேரப்பிள்ளைகளிடமிருந்தும் திரும்பி வருகிறது.

இரண்டு எண்கள், இரண்டு காலங்கள்

ஒரு பகுதியில் நோய் இருக்கிறதா என்று பார்க்க, குலுக்கல் முறையில் தெருக்களையும் வீடுகளையும் தேர்ந்தெடுத்து, வீடு வீடாகப் போகிறார்கள். வழக்கமாக ஒன்று முதல் இரண்டரை லட்சம் பேர் வாழும் பகுதி ஓர் அலகு.

பரிசோதனை எளிமையானது. பயிற்சி பெற்றவர் 2.5 மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். வெயில் வெளிச்சம் அல்லது டார்ச் போதும். குழந்தையைக் கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையின் முடியை மெல்லப் பிடித்து, இமையை வெளிப்பக்கமாகப் புரட்டுவார். இளஞ்சிவப்பான உட்புறம் தெரியும். அதன் நடுப்பகுதியில் வெளிறிய சிறு சிறு மணிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல், ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் ‘பாதிப்பு உண்டு’ என்று பதிவு. நான்குதான் இருந்தால் ‘இல்லை’. குழந்தை அழத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கையைச் சுத்தம் செய்துகொண்டு அடுத்த குழந்தைக்குப் போவார். 2012 டிசம்பர் முதல் 2016 ஜனவரி வரை நடந்த உலக டிரக்கோமா வரைபடத் திட்டத்தில் 29 நாடுகளில் 26 லட்சம் பேரை இப்படிப் பார்த்தார்கள். முடிவுகளை அங்கேயே ஸ்மார்ட்போனில் பதிந்தார்கள். தொற்றுநோய் ஒன்றுக்காக நடந்த கணக்கெடுப்புகளில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

இப்போது அந்த எண்கள். ஒன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில், மேலே சொன்ன மணிகள் இருப்பவர்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இது முதல் எண். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், இமைமுடி உள்ளே திரும்பி, இன்னும் சுகாதாரத் துறையின் கவனத்துக்கே வராதவர்கள் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது ஆயிரத்துக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இது இரண்டாவது. இவற்றோடு, இனிமேல் புதிதாக இமை திரும்பி வருகிறவர்களைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தர ஒரு நிலையான ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பெரியம்மை 1980-இல் ஒழிந்தது வேறு விதம். அந்தக் கிருமி மனிதர்களிடையே எங்குமே இல்லாமல் போனது. டிரக்கோமாவில் இலக்கே வேறு: பார்வை பறிபோகும் அளவுக்கு நோய் பரவாத நிலை. கிருமி ஆங்காங்கே இருந்துகொண்டிருக்கலாம்.

இந்த இரண்டு எண்களும் ஒரே நோயைப் பற்றியவை என்றாலும் ஒரே காலத்தைப் பற்றியவை அல்ல. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். குழந்தையின் இமைக்குள் இருக்கும் மணிகள் இன்றைய நிலவரத்தைச் சொல்கின்றன. அறுபது வயதுப் பெண்ணின் திரும்பிய இமைமுடி, அவர் சிறுமியாக இருந்தபோது, அவர் வளர்ந்த வீட்டில் தண்ணீர் எப்படி இருந்தது, ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்பதைச் சொல்கிறது. இன்று ஒரு தெருவில் தொற்று அடியோடு நின்றுவிட்டாலும், அந்தத் தெருவில் இமை திரும்பியவர்கள் இன்னும் பல பத்தாண்டுகளுக்கு வந்துகொண்டேதான் இருப்பார்கள். விழுந்த தழும்பு சுருங்கிக்கொண்டே போவதுதான் காரணம்.

இந்தியாவின் கதையே இதற்கு எடுத்துக்காட்டு. தேசிய டிரக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டம் 1963-இல் தொடங்கியது. 1976-இல் அது தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. 2017-இல் வெளியான தேசிய ஆய்வில், குழந்தைகளிடம் நோய்ப் பரவல் 0.7 சதவீதம் மட்டுமே. முதல் எண்ணில் இந்தியா அப்போதே தேறிவிட்டது. ஆனால் அங்கீகாரம் வர 2024 ஆனது. இடைப்பட்ட காலத்தில் இரண்டாவது எண்ணுக்காக, பழைய நோய்ப் பகுதிகளான 200 மாவட்டங்களில் இமை திரும்பியவர்களைத் தேடித் தனியாக ஓர் ஆய்வு நடத்த வேண்டியிருந்தது.

நகரங்களுக்கு இது பழைய கதை

டிரக்கோமாவைக் கிராமத்து நோயாகவே பேசுவது வழக்கம். இன்று பெரும்பாலும் அது உண்மையும்கூட. உலகச் சுமையில் பாதிக்கு மேல் எத்தியோப்பியாவில், அதுவும் தண்ணீர் தொலைவில் இருக்கும் கிராமங்களில். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இது ஐரோப்பிய நகரங்களின் தலைவலி. நெப்போலியன் காலத்துப் போருக்காக எகிப்துக்குப் போன படைவீரர்கள் கண்நோயோடு திரும்பினார்கள். அந்த நெருக்கடியின் நடுவில்தான் 1805-இல் லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையின் முன்னோடியான நிறுவனம் தொடங்கியது. படைவீரர் குடியிருப்புகள், அனாதை இல்லங்கள், ஒரே தொட்டித் தண்ணீரில் நாற்பது பிள்ளைகள் முகம் கழுவிய விடுதிகள் என்று, நெரிசல் இருந்த இடமெல்லாம் நோய் நிலைத்தது.

அமெரிக்கா 1897-இல் டிரக்கோமாவை ஆபத்தான தொற்றுநோய் என்று அறிவித்தது. நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளின் இமைகளை மருத்துவர்கள் விரலாலோ, காலணிப் பொத்தான் மாட்ட உதவும் வளைந்த கொக்கியாலோ புரட்டிப் பார்த்தார்கள். நோய் இருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தையின் இமையில் தழும்பு தெரிந்தால் போதும், அந்தக் குடும்பமே யார் போவது, யார் இருப்பது என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டியிருந்தது. நோயின் பெயரைச் சொல்லி ஏழைகளை ஒதுக்கிய இந்த வரலாற்றை நாம் மறக்கக் கூடாது.

அந்த நகரங்களில் நோய் எப்படிப் போனது? பயன் தந்த முதல் மருந்தான சல்ஃபா 1930களின் கடைசியில்தான் வந்தது. கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்ததே 1950களில், பெய்ஜிங்கில் தாங் ஃபெய்ஃபானின் குழு. அதற்கெல்லாம் முன்பே மேற்கு ஐரோப்பாவின் பெருநகரங்களில் டிரக்கோமா வேகமாக வற்றிக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, சாக்கடை மூடப்பட்டது, ஒரே படுக்கையில் ஐந்து பிள்ளைகள் படுப்பது குறைந்தது. இவைதான் பெரும் பங்கு வகித்தன. இன்றைய ஒழிப்புத் திட்டத்தின் அடிப்படை இந்த அனுபவம்தான் என்று நினைக்கிறேன்.

மருந்து ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் திட்டத்துக்கு ‘சேஃப்’ என்று பெயர். நான்கு வேலைகள் அதில் அடக்கம்: இமை திரும்பியவர்களுக்கு அறுவை சிகிச்சை, கிருமிக்கு மருந்து, குழந்தைகளின் முகச் சுத்தம், சுற்றுச்சூழல் மேம்பாடு.

மருந்து அசித்ரோமைசின். நோய் அதிகமுள்ள இடத்தில் யாருக்குத் தொற்று என்று பார்த்துக் கொடுப்பதில்லை, ஊருக்கே கொடுக்கிறார்கள். காரணம் எளிது: அறிகுறி இல்லாத குழந்தையிடமும் கிருமி இருக்கும். ஒருவரை விட்டாலும் அவரிடமிருந்து மீண்டும் பரவும். எடை பார்க்கும் இயந்திரத்தைத் தெருத்தெருவாகத் தூக்கிப் போக முடியாது என்பதால், அடையாளக் கோடுகள் போட்ட ஓர் உயரக் கோலைக் கொண்டுபோகிறார்கள். பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தினால், தலை எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதற்கு இத்தனை மில்லி சிரப் அல்லது இத்தனை மாத்திரை என்று தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஒரே வேளை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கண் களிம்பு. 1998 முதல் இந்த மருந்தை ஃபைசர் நிறுவனம் நன்கொடையாகத் தருகிறது. இதுவரை 100 கோடி வேளைக்கும் மேல் அனுப்பப்பட்டிருக்கிறது. குழந்தைகளில் 30 சதவீதமோ அதற்கு மேலோ நோய் இருந்தால் ஐந்து ஆண்டு, 10 முதல் 30-க்குள் என்றால் மூன்று ஆண்டு, 5 முதல் 10-க்குள் என்றால் ஓர் ஆண்டு கொடுத்துவிட்டு மறுபடி ஆய்வு செய்வார்கள். தேறினால் மருந்தை நிறுத்திவிட்டு, குறைந்தது இரண்டு ஆண்டு கழித்து இன்னோர் ஆய்வு. மருந்து இல்லாமலும் எண் கீழேயே நிற்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

முகச் சுத்தம் என்பது பீளையும் சளியும் முகத்தில் நிற்காமல் பார்த்துக்கொள்வது. அறிவுரை சொல்வது சுலபம். பொதுக்குழாயில் வரிசையில் நின்று இரண்டு குடம் பிடித்து வருகிற வீட்டில், அந்தத் தண்ணீர் முதலில் குடிக்கப் போகும், அப்புறம் சமைக்க, அப்புறம் பாத்திரம் கழுவ. பிள்ளையின் முகத்துக்கு வரிசை கடைசியில்தான் வரும். அந்தத் தாயைக் கவனக்குறைவானவர் என்று சொல்வது அநியாயம். குழாய் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதே பாதி விடை.

சுற்றுச்சூழல் என்றால் தண்ணீரும் கழிப்பறையும். கண்ணைத் தேடி வரும் மஸ்கா சார்பென்ஸ் என்ற ஈ, திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தில்தான் அதிகம் முட்டையிடுகிறது. கழிப்பறைக் குழிக்குள் அது பெருகுவதில்லை. ஆகவே கழிப்பறை கட்டினால் அந்த ஈ குறையும்.

சராசரி மறைத்துவிடும் தெரு

பொதுவாக நகரவாசிகளுக்குத் தண்ணீரும் மருந்தும் கிராமத்தைவிடக் கிட்ட இருப்பதால் டிரக்கோமா குறைவு. அதனால் பல நாடுகளில் ஆய்வுகள் கிராமப்புறத்தையே குறிவைத்து நடந்தன. நகரம் என்றதும் ‘அங்கே இருக்காது’ என்று விட்டுவிட்டார்கள். நைரோபியின் கிபெரா போன்ற பெரிய குடிசைப் பகுதியில் தேடிப்போய்ப் பார்த்த ஆய்வு, அங்கும் சிறுவர்களிடம் நோய் இருப்பதைக் கண்டது.

சிக்கல் சராசரியில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் அலகில் இருக்கும் குழந்தைகளில் பத்தில் ஒரு பங்கினர் நெரிசலான குடிசைப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களில் 30 சதவீதம் பேருக்கு நோய். மீதிப் பகுதிகளில் ஒருவருக்கும் இல்லை. மொத்தச் சராசரி 3 சதவீதம். அலகு தேறிவிட்டது! ஆனால் அந்தக் குடிசைப் பகுதியை மட்டும் தனி அலகாக எடுத்திருந்தால், ஐந்து ஆண்டு மருந்து தர வேண்டிய இடம் அது. நாட்டளவிலும் இப்படி நடக்கும். இந்தியாவில் டிரக்கோமா பெரும்பாலும் போய்விட்டது என்று நினைத்திருந்த காலத்தில், 2010 வாக்கில் கார் நிக்கோபார் தீவில் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளிடம் நோய் இருந்தது. தீவு முழுக்க மருந்து கொடுத்த பிறகுதான் அது வெகுவாக இறங்கியது. தீவுக்குக் கடல் எல்லை இருக்கிறது. நகரத்துக் குடிசைப் பகுதிக்கு அப்படிக் கண்ணுக்குத் தெரியும் எல்லை இல்லை. ஒரு தெரு தள்ளினால் மாடிவீடு.

வீடு வீடாகப் போவதும் நகரத்தில் வேறு மாதிரி. பகலில் பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருப்பார்கள், கதவு பூட்டியிருக்கும். புதிதாக முளைத்த குடிசைகள் பட்டியலில் இருக்காது. வாடகைக்கு வருகிறவர்கள் ஆறு மாதத்தில் மாறிவிடுவார்கள். ஒருவர் ஊரில் மருந்து கொடுத்த வாரம் நகரத்தில் வேலையில் இருப்பார், நகரத்தில் ஆய்வுக்கு வந்த வாரம் ஊருக்குப் போயிருப்பார். மருந்து குறைந்தது 80 சதவீதம் பேரைச் சென்றடைய வேண்டும் என்பது இலக்கு. பூட்டிய கதவுகளின் முன்னால் அதை எட்டுவது சின்ன விஷயமில்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போவது, அதே தெருவில் வசிக்கும் பெண்களையே பணியாளர்களாக வைத்துக்கொள்வது போன்றவை இதற்குக் கைகொடுக்கும்.

குடிபெயர்வு இரண்டாவது எண்ணையும் குழப்பும். நோய் அதிகமிருந்த கிராமத்தில் வளர்ந்து, பிள்ளைகளோடு நகரத்துக்கு வந்த பாட்டியின் இமை இப்போது திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தெருவில் இன்று தொற்று இல்லாமலே இருக்கலாம். அவருக்குத் தேவை அறுவை சிகிச்சை. அந்தத் தெருவுக்கு மருந்து தேவையா என்பதைக் குழந்தைகளின் எண்தான் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தேவையில்லாத இடத்தில் மருந்தை வாரி இறைப்போம், அல்லது அந்தப் பாட்டியைக் கண்டுகொள்ளாமல் விடுவோம்.

நோய் குறையக் குறைய, மணிகளை எண்ணிப் பார்க்கும் முறையின் துல்லியமும் குறைகிறது. வேறு காரணங்களாலும் இமைக்குள் அதே போன்ற மணிகள் வரலாம். அதனால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, குழந்தையின் உடல் இந்தக் கிருமியை எப்போதாவது சந்தித்திருக்கிறதா என்று எதிர்ப்புப் பொருளை வைத்துப் பார்க்கும் சோதனை இப்போது ஆய்வுகளில் சேர்ந்து வருகிறது. சிறு குழந்தைகளிடம் அந்தப் பொருள் இல்லையென்றால், அவர்கள் பிறந்த பிறகு அந்தத் தெருவில் தொற்று பெரிதாக நடக்கவில்லை என்று நம்பலாம். ஒரு குடிசைப் பகுதியைத் தனியாகச் சோதித்துப் பார்க்க இது நல்ல வழி.

இமை திரும்பியவர்களுக்கு வருவோம். உலகில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்கள் 2002-இல் 76 லட்சம். 2024-இல் சுமார் 15 லட்சம். இமையை மட்டும் மரக்கச் செய்து, அதன் ஓரத்தை வெளிப்பக்கமாகத் திருப்பித் தைக்கும் சிறு அறுவை அது. பல நாடுகளில் பயிற்சி பெற்ற செவிலியர்களே செய்கிறார்கள். சிலருக்கு முடி மீண்டும் உள்ளே திரும்பும் என்பதால் பின்னால் தொடர்ந்து பார்க்க வேண்டும். நகரங்களில் இவர்களைத் தேடத் தனிப்படை தேவைப்படாது. கண்புரை முகாமுக்கும் அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கும் எப்படியும் வருகிறார்கள். கண்ணில் உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் என்று சொல்லும் வயதான பெண்ணின் இமையோரத்தை டார்ச் அடித்துப் பார்க்கவும், சாமணத்தால் முடி பிடுங்கும் பழக்கம் உண்டா என்று கேட்கவும் ஒரு நிமிடம் போதும்.